மெய்நிகர்க் கணினிகளின் காப்புப்படிகளும் அவற்றைப் பேணுங் கால வரையறையும்

தேடிய பொருளைக் காத்தல் தேடுதலினும் அரிது. பொருட் செல்வத்துக்கு மட்டுமன்றி அறிவுச் செல்வத்துக்கும் இஃது ஒத்த உண்மையாகும். ஓலையேடுகள் வழங்கிய காலத்தில், ஏடு சில நூற்றாண்டுகளுக்குள் செல்லரித்தும் நைந்தும் அழிந்துபடும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆதலின், மூல ஏடு சிதையுமுன்னரே அதனைப் பார்த்துப் புதிய ஏட்டிற் படியெடுத்து வைத்தனர். அவ்வாறு வழிவழியாகப் படியெடுக்கப்பட்ட நூல்களே நம் கைக்கு எட்டியுள்ளன. ஏனையவற்றுட் சில பெயரளவில் நின்றன. பல பெயருமின்றி மறைந்தன.

இக்காலத்தில் ஏட்டின் இடத்தைக் கணினி பெற்றுள்ளது. அரசாங்கத்தின் பதிவேடுகளும், மருத்துவமனைகளின் நோயாளர் குறிப்புகளும், பாடசாலைகளின் புள்ளிப் பட்டியல்களும் அதனுள்ளே அடங்கிவிட்டன. ஆயினும், படியெடுத்து வைத்தல் என்னும் பழைய கடமை நம்மைவிட்டு நீங்கவில்லை. எதனைப் படியெடுப்பது, எவ்வகையாற் படியெடுப்பது, எத்தனை படிகளை எவ்வளவு காலத்துக்கு வைத்திருப்பது, அவற்றை எங்கே வைப்பது என்னும் வினாக்களுக்கு முன்னரே விடை காணாத நிறுவனம், தன் நினைவாற்றலை ஒருநாளில் இழக்க நேரிடும். அவ்வினாக்களை மெய்நிகர்க் கணினிகளைப் பற்றியவளவில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்நிகர்க் கணினி யாது?

ஒரு பெரிய கணினியின் ஆற்றலைப் பலவாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியும் தனித்தனிக் கணினிபோலத் தொழிற்படுமாறு மென்பொருளால் அமைக்கும்பொழுது, அப்பகுதி மெய்நிகர்க் கணினி எனப்படும். அதனைத் தாங்கி நிற்கும் உண்மைக் கணினியைத் தாங்கு கணினி என்போம். 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்காவின் கேம்பிரிட்சு நகரில் இம்முறையை உருவாக்கி, 1972இல் வி.எம்./370 என்னும் பெயரால் அதனை வெளியிட்டனர். 1998இல் தோன்றிய வி.எம்.வெயார் நிறுவனம் அடுத்த ஆண்டிலேயே சிறிய மேசைக் கணினிகளுக்கும் இவ்வசதியைக் கொண்டுவந்தது. இன்று மைக்கிரோசொவ்ற்று நிறுவனத்தின் ஹைப்பர்-வி, லினக்ஸைச் சார்ந்த கே.வி.எம்., அதன்மேல் அமைந்த புரொக்ஸ்மொக்ஸ் ஆகியனவும் பரவலாக வழங்குகின்றன.

காப்புப்படி எடுப்போர் மனங்கொள்ள வேண்டிய இயல்பு ஒன்று இவற்றுக்கு உண்டு. மெய்நிகர்க் கணினியின் வன்றட்டு முழுவதும் தாங்கு கணினியிலே பெரும்பாலும் ஒரு கோப்பாகவோ சில கோப்புகளாகவோ இருக்கும். ஆகவே, இயங்கு தளம், மென்பொருள்கள், தரவுகள் அனைத்தையும் ஒருசேரப் படியெடுத்து, வேறொரு தாங்கு கணினியில் அவ்வாறே எழுப்பிவிடலாம். இஃது ஒரு பெரும் வசதி. ஆனால், இதே இயல்பு இடருக்கும் வாயிலாகின்றது. ஒரு தாங்கு கணினி பழுதுறின் அதன்மேல் இயங்கிய இருபது கணினிகளும் ஒருங்கே வீழும். ஒரு கோப்பு அழியின் ஒரு கணினி முழுவதும் அழியும்.

காப்புப்படியின் வகைகள்

காப்புப்படிகளை முழுக்காப்பு, ஏறுமானக் காப்பு, வேறுபாட்டுக் காப்பு என மூவகைப்படுத்துவர். முழுக்காப்பு என்பது வன்றட்டிலுள்ள அனைத்தையும் படியெடுப்பது. ஏறுமானக் காப்பு, இறுதியாக எடுக்கப்பட்ட காப்புக்குப் பின்னர் மாறிய பகுதிகளை மட்டும் படியெடுப்பது. வேறுபாட்டுக் காப்பு, இறுதியாக எடுக்கப்பட்ட முழுக்காப்புக்குப் பின்னர் மாறிய அனைத்தையும் படியெடுப்பது.

இவற்றின் வேற்றுமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஒரு கல்லூரி அலுவலகத்தின் சேவையகம் 500 கிகாபைற்று அளவான தரவைக் கொண்டுள்ளது என்றும், அதில் நாளொன்றுக்கு 20 கிகாபைற்று புதிதாக மாறுகின்றது என்றும் கொள்வோம். நாள்தோறும் முழுக்காப்பு எடுப்பின் ஒரு வாரத்துக்கு 3,500 கிகாபைற்று இடம் வேண்டும். ஞாயிறன்று முழுக்காப்பும் ஏனைய ஆறு நாட்களில் ஏறுமானக் காப்பும் எடுப்பின், 500உடன் 120 சேர்ந்து 620 கிகாபைற்று போதும். வேறுபாட்டுக் காப்பாயின், திங்களன்று 20, செவ்வாயன்று 40 எனப் பெருகிச் சனியன்று 120 ஆகும். ஆறு நாட்களின் கூட்டுத்தொகை 420; முழுக்காப்புடன் சேர்த்து 920 கிகாபைற்று.

இடச்சிக்கனம் ஒன்றையே நோக்குவோர் ஏறுமானக் காப்பே சிறந்ததெனத் துணிவர். ஆனால், காப்பின் பயன் மீட்கும்போதே விளங்கும். சனிக்கிழமை நிலையை மீட்டற்கு, ஏறுமான முறையில் முழுக்காப்பும் ஆறு ஏறுமானங்களுமாக ஏழு துண்டுகளும் பழுதின்றி இருத்தல் வேண்டும். நடுவே செவ்வாய்க்கிழமைத் துண்டு பழுதுற்றிருப்பின் அதற்குப் பிந்திய யாவும் பயனற்றுப் போம். வேறுபாட்டு முறையிலோ முழுக்காப்பும் சனிக்கிழமைத் துண்டுமாக இரண்டே போதும். எனவே, இடம் குறையுமளவுக்குச் சங்கிலி நீளும்; சங்கிலி நீளுமளவுக்கு அது அறுபடும் வாய்ப்பும் பெருகும் என்பது ஈண்டு அறியற்பாலது.

மெய்நிகர்க் கணினிகளில், மாறிய பகுதியைக் கண்டறியும் வேலையைத் தாங்கு கணினியின் மென்பொருளே செய்துகொடுக்கும். வி.எம்.வெயார் நிறுவனம் 2009இல் வெளியிட்ட விஸ்பியர் 4 இவ்வசதியைக் கொண்டிருந்தது. அதனால் 500 கிகாபைற்று முழுவதையும் ஒவ்வோர் இரவும் படித்து ஒப்பிட வேண்டிய தேவை நீங்கிற்று. மேலும், பழைய முழுக்காப்பையும் அதன்பின் வந்த ஏறுமானங்களையும் காப்பகத்திலேயே ஒன்றிணைத்துப் புதிய முழுக்காப்பு ஒன்றை ஆக்கும் முறையும் உண்டு. இதனைத் தொகுத்தமைத்த முழுக்காப்பு எனலாம். இயங்கும் கணினிக்குச் சுமையேற்றாமை இதன் சிறப்பு. 2020இல் வெளிவந்த புரொக்ஸ்மொக்ஸ் காப்புச் சேவையகம் இன்னொரு வழியை மேற்கொள்கின்றது. அது தரவைச் சிறு துண்டங்களாக்கி, ஒரே உள்ளடக்கமுடைய துண்டத்தை ஒருமுறை மட்டுமே சேமிக்கின்றது. ஆகவே, ஒவ்வொரு நாட்காப்பும் முழுக்காப்புப்போல மீட்கத்தக்கது. இடமோ ஏறுமானக் காப்பின் அளவே செல்லும். ஆயினும், பல நாட்காப்புகள் பொதுவாகச் சார்ந்து நிற்கும் துண்டம் ஒன்று பழுதுற்றால் அவை அனைத்தும் ஊறுபடும் ஆதலின், இம்முறையிலும் துண்டங்களின் செம்மையைக் காலந்தோறும் சரிபார்த்தல் இன்றியமையாதது.

கணநிலைப் படிவம் காப்புப்படியாகாது

ஒரு கணத்தில் வன்றட்டு இருந்த நிலையைக் குறித்து வைத்து, பின்வரும் மாற்றங்களை வேறொரு கோப்பில் எழுதும் முறை கணநிலைப் படிவம் எனப்படும். புதிய மென்பொருளை நிறுவுமுன் இதனை எடுத்துவைத்தால், தவறு நேரின் பழைய நிலைக்குச் சில நிமிடங்களில் மீளலாம். இவ்வெளிமை கண்டு பலர் இதனையே காப்புப்படியென மயங்குவர். அப்படிவம் மூல வன்றட்டைச் சார்ந்தே நிற்பது. அவ்வன்றட்டு அழியின் இதுவும் உடனழியும். நிழலைக் கொண்டு மரத்தை மீட்க இயலாதவாறு போல, படிவத்தை மட்டும் கொண்டு கணினியை மீட்க இயலாது. மேலும், மாற்றக் கோப்பு நாளுக்கு நாள் வளர்ந்து சேமிப்பிடத்தை நிரப்பிவிடும்; இயக்கமும் தளரும். ஒரு படிவத்தை 72 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருத்தலாகாது என வி.எம்.வெயார் வழிகாட்டுதல் கூறுவது இக்காரணம் பற்றியே. படிவத்தைக் காப்பெடுக்கும் நேரத்துக்கு மட்டும் ஒரு கருவியாகப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் நீக்கிவிடுதலே முறை.

ஓடும் கணினியைப் படியெடுத்தல்

ஏட்டைப் படியெடுப்போன் எழுதிக்கொண்டிருக்கையில் வேறொருவன் அதே ஏட்டைத் திருத்திக்கொண்டிருப்பின், படியில் முற்பாதி பழையதும் பிற்பாதி புதியதுமாக முரண்பட்டு நிற்கும். ஓடும் கணினியைப் படியெடுப்பதிலும் இவ்விடர் உண்டு. இதனைத் தீர்க்கப் புரொக்ஸ்மொக்ஸ் மூன்று வழிகளை வழங்குகின்றது. முதலாவது, கணினியை முறைப்படி நிறுத்திக் காப்பைத் தொடங்குதல். செம்மை மிகுதி, ஆயின் சேவை தடைப்படும். இரண்டாவது, கணினியை இடைநிறுத்திப் படியெடுத்தல். தடை நீளும், பயனோ சிறிது. மூன்றாவது, ஓடவிட்டவாறே கணநிலை முறையாற் படியெடுத்தல். தடை மிகக் குறைவு. நடைமுறையிற் பெரும்பாலோர் கைக்கொள்வது மூன்றாவதையே.

மூன்றாம் வழியிற் கிடைக்கும் படி, மின்சாரம் திடீரென நின்ற கணத்தில் வன்றட்டு எவ்வாறிருக்குமோ அவ்வாறிருக்கும். சாதாரணக் கோப்புகளுக்கு இது போதும். தரவுத்தளங்களுக்கோ, நினைவகத்தில் உள்ளவற்றையெல்லாம் வன்றட்டில் எழுதிமுடித்து ஒரு நொடி அசையாது நிற்குமாறு முன்னறிவித்தல் நன்று. விண்டோசில் நிழற்படிச் சேவை என்னும் அமைப்பும், லினக்ஸில் மெய்நிகர்க் கணினியினுள் நிறுவப்படும் துணை மென்பொருளும் இதனைச் செய்கின்றன. இவ்வமைப்பைப் பொருத்தாமல் எடுக்கப்படும் தரவுத்தளக் காப்பு, மீட்கும்போது தன்னைத்தானே திருத்திக்கொண்டு எழவும் கூடும்; எழாதொழியவும் கூடும்.

எவ்வளவு காலம் பேணுவது?

காப்புப்படியின் வகையைத் தெரிதலினும் அதனைப் பேணுங் காலத்தை வரையறுத்தலே கடினமானது. அதற்குமுன் இரண்டு வினாக்களுக்கு விடை வேண்டும். எத்தனை மணித்தியால வேலையை இழக்க நாம் உடன்படுவோம் என்பது ஒன்று. எத்தனை மணித்தியாலத்துள் மீண்டும் எழ வேண்டும் என்பது மற்றொன்று. முன்னையதை இழப்பெல்லை என்றும், பின்னையதை மீட்பெல்லை என்றும் கூறுவோம். நாளுக்கொருமுறை காப்பெடுப்போர் ஒருநாள் உழைப்பை இழக்க உடன்பட்டவராவர். இதனை விளங்கி உடன்படல் வேண்டும். விபத்து நேர்ந்தபின் அறிந்து வருந்துதல் பயன்தராது.

அழிவு நிகழ்ந்த நாளும் அது கண்டறியப்படும் நாளும் ஒன்றல்ல என்பதே நெடுங்காலப் பேணலின் அடிப்படை. மாசி மாதத்தில் ஒரு மாணவர் தொகுதியின் புள்ளிகள் தவறுதலாக நீக்கப்பட்டு, மார்கழியிற் சான்றிதழ் வழங்கும்போதே அக்குறை வெளிப்படலாம். ஏழு நாட்காப்புகளை மட்டும் வைத்திருக்கும் அலுவலகத்தில் அந்த ஏழும் குறையுடைய படிகளாகவே இருக்கும். கப்பங் கோரும் மென்பொருளை ஏவுவோரும் பல வேளைகளில் நாட்கணக்காகவோ வாரக்கணக்காகவோ உள்ளே மறைந்திருந்த பின்னரே தரவைப் பூட்டுவர். அண்மைக் காப்புகளில் அவர்தம் கருவிகளும் கலந்திருத்தல் கூடும்.

எல்லா நாட்காப்புகளையும் ஆண்டுக்கணக்கில் வைத்திருத்தலோ பெருஞ்செலவு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக அமைந்ததே பாட்டன், தந்தை, மைந்தன் என வழங்கும் முறை. அண்மைய 7 நாட்காப்புகள் மைந்தன். அவற்றுக்கு முந்திய 4 வாரங்களுக்கு வாரம் ஒன்று தந்தை. அவற்றுக்கும் முந்திய 12 மாதங்களுக்கு மாதம் ஒன்று பாட்டன். ஆக 23 படிகளால் ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தை எட்டலாம். அண்மைக்காலம் நெருக்கமாகவும், தொலைக்காலம் இடைவெளியாகவும் பேணப்படுகின்றது. புரொக்ஸ்மொக்ஸில் நாள், வாரம், மாதம், ஆண்டு என்பவற்றுக்குத் தனித்தனி எண்களைக் கொடுத்து இதனை அமைக்கலாம். ஒரு விதி பேணிய காலப்பகுதியை அடுத்த விதி மீண்டும் எண்ணாது; அதற்கு முந்தியவற்றையே நோக்கும்.

இடத்தைக் கணக்கிடுவோர் அடிக்கடி வழுவும் இடம் ஒன்றுண்டு. மேற்கூறிய கல்லூரிச் சேவையகத்துக்கு வாரமொரு முழுக்காப்பும் ஏனைய நாட்களில் ஏறுமானமும் எடுத்து, 14 படிகளைப் பேணுவதாகக் கொள்வோம். இரண்டு முழுக்காப்பும் பன்னிரண்டு ஏறுமானமுமாக 1,240 கிகாபைற்று போதுமெனத் தோன்றும். ஆனால், மிகப் பழைய சங்கிலியின் முழுக்காப்பை நீக்கினால் அதனைச் சார்ந்த ஏறுமானங்கள் யாவும் பயனற்றுப் போமாதலின், புதிய இரு சங்கிலிகளும் 14 படிகளை நிறைக்கும்வரை பழைய சங்கிலி முழுவதும் இருந்தேயாகும். ஆகவே, ஒரு கட்டத்தில் மூன்று முழுக்காப்பும் பதினெட்டு ஏறுமானமுமாக 21 படிகள் நிற்கும். வேண்டுமிடம் 1,860 கிகாபைற்று. இதனை முன்னுணராதார் காப்பகம் நிறைந்து, புதிய காப்பு எடுக்கப்படாது நின்றுவிடும்.

பேணுங் காலத்தை எண்ணிக்கையாற் குறித்தலும் நாட்கணக்காற் குறித்தலும் வெவ்வேறான விளைவுடையன. பதினான்கு நாட்களுக்கு முற்பட்டவற்றை நீக்குக என விதித்து, காப்பெடுப்பு யாருமறியாது தடைப்பட்டுப் பதினைந்து நாட்கள் கழியின், இறுதி நற்படியும் விதிப்படியே நீக்கப்பட்டுவிடலாம். எண்ணிக்கை முறையில் இவ்விடர் இல்லை. ஆதலின் நாட்கணக்கை மேற்கொள்வோர், எந்நிலையிலும் நீக்கலாகாத படிகளின் குறைந்த எண்ணிக்கை ஒன்றையும் உடன் விதித்தல் வேண்டும்.

பேணுதற்குக் கீழெல்லை இருப்பதுபோல மேலெல்லையும் உண்டு. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாள் தரவை அதன் நோக்கத்துக்கு வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருத்தலாகாது என்னும் கோட்பாட்டை உடையது. காப்புப்படியும் தரவே. எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருத்தல் பாதுகாப்புப்போலத் தோன்றினும், களவுபோகக் கூடியவற்றைக் குவித்து வைத்தலுமாகும்.

எங்கே வைப்பது?

மூன்று படிகள், இருவகை ஊடகம், ஒன்று வேற்றிடத்தில் என்னும் நெறி இத்துறையிற் புகழ்பெற்றது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீற்றர் குறோக் இதனைப் பரப்பினார். மூலமும் இரு காப்புகளுமாக மூன்று படிகள். வன்றட்டு, நாடா என்பனபோல வேறுபட்ட இரண்டு ஊடகங்கள். அவற்றுள் ஒன்று பிறிதோர் ஊரில். கப்பங் கோரும் மென்பொருள் பெருகிய பின்னர், வலையமைப்பினின்றும் துண்டிக்கப்பட்டோ, குறித்த காலம்வரை எவராலும் அழிக்கவொண்ணாதவாறு பூட்டப்பட்டோ ஒரு படி இருத்தல் வேண்டும் என்பதையும் இந்நெறியுடன் சேர்த்தனர். காப்பகத்தின் கடவுச்சொல்லும் தாங்கு கணினியின் கடவுச்சொல்லும் ஒன்றாயிருப்பின், ஒன்றை வென்ற பகைவன் இரண்டையும் வென்றவனாவான்.

இந்நெறி வெற்றுரையன்று. 2023 ஆகஸ்து மாத இறுதியில் இலங்கை அரசாங்க முகிற்கணினி அமைப்பைக் கப்பங் கோரும் மென்பொருள் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் அதில் ஊறுபட்டன. சேவை விரைவில் மீட்கப்பட்டது. ஆயினும் அவ்வாண்டு மே 17 தொடக்கம் ஆகஸ்து 26 வரையிலான மின்னஞ்சல்களுக்குக் காப்பு இல்லாமையால் அவற்றை மீட்க முடியவில்லை. பழைய படி இருந்தது. புதிய படி இல்லை. 2025 செப்ரெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்திற் பற்றிய தீ, அரச அலுவலர் தம் ஆவணங்களைச் சேமித்திருந்த 858 தெராபைற்று அளவான களஞ்சியத்தை அழித்தது. அதற்கு வேற்றிடத்திற் காப்பு இல்லை; அளவு பெரிதென்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். படியெடுக்க இயலாத அளவுக்குப் பெரியதாகிய களஞ்சியம், இழக்க இயலாத அளவுக்கும் பெரியதன்றோ?

மீட்டுப் பார்த்தல்

இவையனைத்தும் செய்தும் ஒன்றைச் செய்யாதொழியின் பயனில்லை. 2017 சனவரி 31 அன்று கிற்லாப் என்னும் மென்பொருட் களஞ்சிய நிறுவனத்திற் பொறியியலாளர் ஒருவர், துணைச் சேவையகத்தில் நீக்கக் கருதிய தரவை முதன்மைச் சேவையகத்தில் நீக்கிவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைற்றில் 4.5 கிகாபைற்றே எஞ்சியது. காப்பை நாடியபோது, நாள்தோறும் எடுக்கப்படுவதாக எண்ணியிருந்த தரவுத்தளக் காப்பு உண்மையில் எடுக்கப்படவேயில்லை எனத் தெரிந்தது. காப்பு மென்பொருளின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒவ்வாமையே காரணம். தோல்வியை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் ஏற்றுக்கொள்ளப்படாது தடுக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்கு முன்னர் வேறொரு தேவைக்காக எடுத்திருந்த கணநிலைப் படிவத்தின் படியே அவர்களைக் காத்தது. அந்நிறுவனம் நிகழ்ந்தவற்றை ஒளியாது வெளியிட்டமையால் உலகம் அதனைக் கற்றுக்கொண்டது.

காப்பு வெற்றியென இயந்திரம் அறிவித்தல் வேறு. மீட்டுக் கண்டறிதல் வேறு. ஆகவே, மாதமொருமுறையேனும் ஒரு மெய்நிகர்க் கணினியை, இயங்கும் வலையமைப்புடன் தொடர்பில்லாத தனியிடத்தில் எழுப்பி, தரவுத்தளம் திறக்கின்றதா, இறுதிப் பதிவு எந்நாளது, எழுவதற்கு எத்தனை மணித்தியாலம் சென்றது என்பவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். அக்குறிப்பே மீட்பெல்லையின் உண்மையளவைக் காட்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், காப்பமைப்பை நிறுவுவோர் மேற்கொள்ள வேண்டிய ஒழுங்கு புலனாகும். முதலில் ஒவ்வொரு கணினிக்கும் இழப்பெல்லையையும் மீட்பெல்லையையும் பொறுப்பாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். அவற்றுக்கேற்பக் காப்பின் வகையையும் வேளையையும் தெரிந்து, தரவுத்தளமுள்ள கணினிகளுக்குச் செம்மை காக்கும் அமைப்பைப் பொருத்தல் வேண்டும். அதன்பின், நாள், வாரம், மாதம் என்னும் பேணற்காலத்தை வகுத்து, சங்கிலியின் முழுநீளத்தையும் கருதி இடத்தைக் கணக்கிடல் வேண்டும். ஒரு படியை வேற்றிடத்திலும், ஒரு படியை அழிக்கவொண்ணாத நிலையிலும் வைத்தல் வேண்டும். தோல்வியறிவிப்பு உரியவரைச் சென்றடைகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். ஈற்றில், மீட்டுப் பார்த்தல் வேண்டும்.

இவற்றுள் எதுவும் பெரும்பொருளை வேண்டுவதன்று. இடையறாக் கவனத்தையே வேண்டுவது. ஏடெழுதிய கைகளின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியா. அக்கைகள் சோராது உழைத்தமையால் நூல்கள் நின்றன. இன்று சேவையகங்களைக் காப்போரின் தொழிலும் அத்தகையதே. அது செவ்வனே நிகழும்வரை எவர் கண்ணுக்கும் புலப்படாது. நிகழாத நாளிலோ அனைவரும் அதன் அருமையை உணர்வர்.